பனிக்காட்டுக்கு நட்ட கல்

தேங்காய் எண்ணெய் உறைந்துபோயிருந்தது.

நுவரெலியாவில் உறைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இது நிவித்திகல, அதுவும் சித்திரை மாதம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மழை வரப்போகிறேன் வரப்போகிறேன் என்று வானம் இருட்டிக்கொண்டு வராமல் ஏமாற்றும். இந்தப் புழுக்கத்திலேயே பிறந்து வளர்ந்த உதயராஜ், எண்ணெய் வெள்ளையாகக் கட்டி நிற்பதைத் தன் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. அடுப்படி ஜன்னலில் இருந்த போத்தலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தீங்களா கூத்த," என்று அனுஷியா சிரித்தாள். தலைக்கு வைக்க எண்ணெய் எடுக்க வந்தவள், ஈர்க்குச்சியைப் போத்தலுக்குள் விட்டுக் கிண்டினாள். "நம்ம வீட்டுக்கு மட்டும் நுவரெலியா வந்திருச்சு. வெள்ளக்காரனுக்கு வாடகைக்கு விட்டுருவோமா?"

எட்டு மாத வயிறு. கல்யாணமாகி எத்தனையோ கோயில் ஏறி இறங்கிய பிறகு தங்கிய முதல் பிள்ளை. அவள் சிரிக்கும்போது அந்த வயிறும் சேர்ந்து குலுங்கும், அதைப் பார்க்கிறதுக்காகவே உதயராஜ் ஏதாவது பகிடி விடுவான். இன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் பைத்தியக்காரன் என்பாள், அதுதான் சொல்லாமல் நின்றான்.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் கேமால் வந்த வினை.

தோட்டத்து ஆபீஸில் அவன் கிளாக்கர். புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, பழையதை வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோ என்றார்கள். கொண்டுவந்து முன்காம்பராவில், வாசலைத் திறந்ததும் வருகிற அறையில், வைத்தான். கஹவத்தையில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிற ஹபீஸாதான் அந்த சீடியைக் கொடுத்தாள். "சும்மா டுமீல் டுமீல்னு சுடுற கேம் இல்ல அண்ணே, நாடு கட்டுற கேம். மூளைக்கு வேல," என்றாள்.

வடக்கே ஒரு தீவு. கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. புல் முளைக்காது, விதை போட்டால் கருகிப்போகும். ஆனால் மண்ணுக்கடியில் இல்லாததே இல்லை. கரி, இரும்பு, நீலக்கல். மண்ணுக்கடியில் கல் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு, மாணிக்கக் குழி தோண்டுகிற இரத்தினபுரிப் பக்கத்து ஆளுக்குக் கை சும்மா இருக்குமா? கப்பல் கப்பலாக ஆட்களை இறக்கினான். வீடு கட்ட வேண்டும் என்றதும், அவன் விரலுக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான்: முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், ஒரே நீளக் கூரை, முன்னால் தண்ணீர் ஓட ஒரு கான். தோட்டத்து ஆட்களின் லயம். அவன் பிறந்த இடம். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொரை அவன் பாட்டன் பூட்டனையெல்லாம் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து ஆளில்லாத காட்டில் இறக்கினானே, அந்தத் தொரையின் நாற்காலியில் இப்போது கிளாக்கர் உதயராஜ் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலி அவனுக்குப் பிடித்தும் இருந்தது. நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஆட்கள் செத்தார்கள். பழுப்புக் கம்பளி போர்த்திய சின்னச் சின்ன உருவங்கள், குழி வாசலில் அப்படியே சாய்ந்து, பனியில் மங்கி, இல்லாமல் போய்விடும். திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். திரும்பவும் செத்தார்கள். ஒரு சாயந்தரம் கடைசி ஆளும் விழுந்தபோது, ஆத்திரத்தில் அவனுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா நல்லையா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். புதுக்காடு திறக்கும்போது கத்தி போடுவதற்கு முன்னால், அந்தக் காட்டுக்குள் ஒரு ஆற்றுக்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்துவார்கள். என்ன சாமி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்துச் சாமி, அவ்வளவுதான். "எங்க ஆளத் தொடாத. ஒன் எல்லைக்குள்ள பொறக்குற மொத உசுர ஒனக்குத் தாறோம்," என்று வாய்விட்டுச் சொல்லிக் கும்பிடுவார்கள். அந்தக் காட்டோரம் போடுகிற பட்டியில் பிறக்கும் முதல் ஆட்டுக்குட்டி அதற்குப் போகும். அதன் பிறகு அந்த மலையில் பாம்பு கடிக்காது, மரம் விழுந்து ஆள் சாகாது.

நாமும் சாமி கும்பிடாமல் காட்டைத் திறந்துவிட்டோமே என்று தோன்றியது உதயராஜுக்கு. பாதி விளையாட்டு, பாதி நிஜம். அனுஷியா கோயிலுக்குப் போயிருந்தாள். ஓடையில் இறங்கி ஒரு கல் எடுத்து வந்தான். தீவுக்குள் கல்லை எப்படி நடுவது? ஒரு தட்டில் ஈரமண் அடைத்து, அதில் கல்லை ஊன்றி, மேசையில் மொனிட்டருக்குப் பக்கத்தில் வைத்தான். சூடம் ஏற்றினான். அப்பா சொல்லுகிற வார்த்தையை அப்படியே, ஒன்று விடாமல் சொன்னான். சூடத்துப் புகை மேலே போகவில்லை. படுத்துக்கொண்டு, மொனிட்டர் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் அனுஷியா கல்லைக் கண்டுவிட்டாள். "இது என்னங்க?"

கம்ப்யூட்டர் பொம்மைகளுக்காகச் சாமி கும்பிட்டேன் என்று எந்த ஆம்பளை பொண்டாட்டியிடம் சொல்லுவான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. "புள்ள நல்லபடியா பொறக்கணும்ல. அதுக்குத்தான்," என்றான். மானங்கெட்ட பொய். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று தொடங்கி, விடிந்தாலும் பொழுது பட்டாலும் அவள் அந்தக் கல்லுக்கு விளக்கு வைத்து, வயிற்றில் ஒரு கையும் கல்லில் ஒரு கையுமாகக் கண்ணை மூடி நின்றாள்.

தீவில் ஒருத்தரும் சாகவில்லை.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குழி மேல் குழி தோண்டினான். நீலக்கல் குவிந்தது. லயத்துக்குப் போகிற கரியைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தான். சாகவில்லை. முழுக்க நிறுத்தினான். அப்போதும் சாகவில்லை. குனிந்தார்கள், எழுந்தார்கள், குனிந்தார்கள். வேலை முடிந்ததும், நெருப்பில்லாத காம்பராவுக்குள் எதற்குப் போவானேன் என்பது மாதிரி, வாசலில் வரிசையாக நின்றார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற மாதிரியேதான். ஒரு நாள் உற்றுப் பார்த்தபோது அத்தனை பேரும் அவனைப் பார்த்து நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் எண்ணெய் உறைந்தது.

எண்ணெய்க்கும் முன்னால் எறும்பு இல்லாமல் போனது. சீனிப்போத்தல் திறந்தே கிடந்தது, ஒரு எறும்பு கிட்டே வரவில்லை. பிறகு சுவரிலிருந்து பல்லி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. வெளியே வாசலில் இறங்கினால் வேர்த்துக் கொட்டும், படியேறி உள்ளே வந்தால் சிமெந்துத் தரை உள்ளங்காலைக் கடிக்கும். துவைத்துக் காயப்போட்ட சேலை வீட்டுக்குள் எடுத்ததும் மொறமொறப்பாகிவிடும். மூக்கில் ஒரு மணம் ஏறியது, இரும்பு மணம், புதிதாகத் தோண்டிய குழியின் மணம். இத்தனைக்கும் அனுஷியாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. "எனக்குக் குளுரலயே. ஒங்களுக்குத்தான் காய்ச்சலோ என்னமோ," என்று அவன் நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கை ஐஸாக இருந்தது.

கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினான். சீடியை ரெண்டாக உடைத்துக் கானில் வீசினான். மொனிட்டர் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பொழுது சாய்கிற நேரம் முன்காம்பராவில் தனியாக உட்கார்ந்தால், தரைக்கு அடியில், எங்கோ ஆழத்தில், மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று. அப்புறம் பல. வரிசையாக. யாரும் பேசாமல் வேலை செய்கிற சத்தம்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாக்காய் கொண்டுவந்தார். படி வரை வந்தவர் உள்ளே காலை வைக்கவில்லை. கதவு வழியாக மேசையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"யாருடா நட்டது?"

"நாந்தாம்ப்பா. சும்மா..."

"சும்மாவா?" அவர் குரல் உயரவில்லை, அதுதான் உதயராஜுக்குப் பயமாக இருந்தது. "காட்டுல நட்டா காடு அதுக்கு எல்ல. வீட்டுல நட்டா?" பலாக்காயைக் கைமாற்றிக்கொண்டார். "வாக்குக் குடுத்தியா?"

தலையை ஆட்டினான்.

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். உள்ளே அனுஷியா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "புடுங்கிப் போட்றாத. சொன்னதக் குடுக்காம கல்லத் தூக்கி எறிஞ்சா, எறிஞ்சவன் குடும்பத்தையே எடுத்துரும்," என்றார். பலாக்காயைப் படியிலேயே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அன்றைக்கு இரவு. அனுஷியா படுத்திருந்தாள், உதயராஜ் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். எப்போதும் இந்த நேரத்துக்கு ஒரு உதை விழும்.

"இப்பல்லாம் ரொம்பத் தூங்குறான் ஒங்க மகன்," என்றாள் அவள். "கிளினிக்குல நர்ஸ் மிஸ்ஸி பாத்துட்டு எல்லாம் சரின்னு சொல்லிட்டாங்க. பயப்புடாதீங்க."

வயிற்றுத் தோல் சூடாகத்தான் இருந்தது. தோலுக்குக் கீழே, பிள்ளை இருக்கிற இடத்தில், குளிர். தரைக்கு அடியில் மண்வெட்டிகள் ஒரு நிமிஷம் நின்றன, காது கொடுத்துக் கேட்பது மாதிரி. பிறகு மறுபடியும் விழத் தொடங்கின.

எல்லைக்குள் பிறந்தால்தானே! அந்த எண்ணம் வந்ததும் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஏன் இங்கே பிறக்க வேண்டும்? அவள் அக்கா புஷ்பவதி கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறாள், புருஷன் பால் வெட்டுகிற ஆள். பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. பேறுகாலத்துக்கு அக்கா வீட்டுக்குப் போவது ஊர் உலகத்தில் இல்லாத வழக்கமா என்ன? விடிந்ததும் சொன்னான். அவளுக்கும் அக்காவைப் பார்க்கிற ஆசை, உடனே தலையாட்டிவிட்டாள். அவன் ஆபீஸுக்குப் போய் லீவு கேட்டு வருவதற்குள் துணிமணியெல்லாம் மூட்டை கட்டி, படியில் உட்கார்ந்திருந்தாள். இரத்தினபுரி போய், அவிசாவளையில் மாறி, கரவனெல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாதக்கடைசி வேலை இருக்கிறதென்று மறுநாளே திரும்பினான்.

பின்பக்கமாகப் போய் அடுப்படிக் கதவைத் திறந்தான். வெக்கை முகத்தில் அடித்தது.

எண்ணெய் உருகியிருந்தது. சீனிப்போத்தலைச் சுற்றி எறும்பு மொய்த்தது. அட, அந்த எறும்பைக் கண்டு அவனுக்கு அழுகையே வந்துவிட்டது! சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வேர்க்க வேர்க்கத் தரையில் மல்லாந்து கிடந்தான். தரை இளஞ்சூடாக இருந்தது. அடியில் ஒரு சத்தமும் இல்லை. தப்பித்தோமடா சாமி என்று வாய்விட்டுச் சொன்னான். முன்காம்பராப் பக்கம் மட்டும் போகவில்லை. எதற்கு வீணாகப் பார்ப்பானேன் என்று கதவைச் சாத்தினான். அடுத்து வந்த நாளெல்லாம் அவன் விசிலடித்துக்கொண்டு ஆபீஸ் போனான், புஷ்பவதியோடு போனில் பகிடி பேசினான்.

அதே புஷ்பவதிதான் ஒரு நாள் மத்தியானம், அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்த நேரம், கூப்பிட்டாள்.

"தம்பி, வலி கண்டிருச்சு. இன்னும் நாள் இருக்கேன்னு பாத்தோம், என்ன செய்ய? த்ரீவீல் தேடி அவரு போயிருக்காரு. நீங்க பொறப்பட்டு வாங்க."

"எப்படி இருக்கா? தைரியமா இருக்காளா?"

"அவளுக்கென்ன, நல்ல தைரியம். ஒங்க சாமிதான் தலமாட்டுல இருக்கே."

"எந்தச் சாமி?" என்றான் உதயராஜ்.

"ஒங்களுக்குச் சொல்லலயா? மூட்டைக்குள்ள தட்டோட கொண்டாந்திருக்கா. புள்ளைக்காக நீங்க வச்ச சாமியாமே, வெளக்கு வைக்காம எப்படி விட்டுட்டு வாறதுன்னு கேக்குறா. நீங்க திரும்பிப் போன அன்னைக்கே வாசல்ல குழி தோண்டி நட்டுட்டா. இப்ப வலி வந்ததும் புடுங்கித் தலமாட்டுல வைங்கன்னு ஒரே..."

"அக்கா! அத வெளிய போடுங்க! தூரமா, அக்கா, ஆத்துல..."

லைன் அறுந்திருந்தது. திரும்ப எடுத்தான். திரும்பத் திரும்ப எடுத்தான். முன்காம்பராக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். மேசையில் ஈரமண் உதிர்ந்த வட்டம் மட்டும் இருந்தது.

ஓடினான். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றான். இரத்தினபுரி தாண்டும்வரை வெயில், அவிசாவளையில் மழை பிடித்துக்கொண்டது. சொல்லியிருக்கலாமே. அன்றைக்கே, ஆமாம் புள்ள, கேமுக்குத்தான் கும்பிட்டேன் என்று சொல்லியிருந்தால் சிரிச்சிருப்பாள். வயிறு குலுங்கச் சிரிச்சிருப்பாள், அவ்வளவுதானே. அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டு, கொலைகாரப் பாவி, பிள்ளையை அடகு வைத்துவிட்டாய்.

கரவனெல்லச் சந்தியில் இறங்கி த்ரீவீல் பிடிக்கும்போது பொழுது மங்கிவிட்டது, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. தோட்டத்துப் பாதையில் ஏற ஏற டிரைவர் இரண்டு தோளையும் மாறிமாறித் தேய்த்துக்கொண்டான். "அனே, மொகத மே சீத்தல?" என்று, இது என்ன குளிர் என்று, சிங்களத்தில் கேட்டான். அவன் வாயிலிருந்து வார்த்தையோடு வெள்ளைப் புகையும் வந்தது. தானே அதைப் பார்த்துவிட்டான். வண்டியை நிறுத்தி, காசுகூட வாங்காமல், அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மிச்சத் தூரத்தை உதயராஜ் நடந்தான். ரப்பர் மரங்கள் இருபக்கமும். தவளைச் சத்தம் இல்லை. பூச்சிச் சத்தம் இல்லை. மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால் கல்லாக நின்றது. காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் மாறியது. மெத்தென்றது. குனிந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கதவு திறந்து கிடந்தது.

அடுப்படியில் புஷ்பவதி குந்தியிருந்தாள். அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. "அவரு இன்னும் வண்டியோட வரல தம்பி. எவ்வளவு நேரமா வெறகு தள்ளுறேன்," என்றாள், அவனைப் பார்க்காமலே. "தண்ணி சுடவே மாட்டேங்குது." கைவிட்டுப் பார்த்தாள். திரும்ப விறகு தள்ளினாள்.

உள்காம்பராவில் குப்பிலாம்பு. பாயில் அனுஷியா கிடந்தாள், முகம் வெளுத்து, சிரித்தபடி. தலைமாட்டில் கல். மஞ்சள் பூசி, புதுக் குங்குமம். விட்டத்தில் சேலையால் கட்டிய ஏணை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா? மகன்தாங்க. பொறந்ததும் என்ன சத்தம் போட்டான் தெரியுமா?"

அவன் ஏணையை விரித்துப் பார்த்தான். சேலை ஈரமாக இருந்தது, குளிராக இருந்தது. ஒன்றும் இல்லை.

"எங்க? அனு, புள்ள எங்க?"

"ஒங்க ஆளுகதான் வந்திருக்காங்க, பாக்க," என்றாள் அவள். "எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க, பாவம். கம்பளி மட்டுந்தான் போத்தியிருக்காங்க. தொரை வீட்டுப் புள்ளையக் கையில வாங்கிப் பாக்கணும்னு ஒரே ஆசையா நின்னாங்க. குடுத்திருக்கேன். பாத்துட்டுத் தந்துருவாங்க."

பின்கதவு.

திறந்தான்.

ரப்பர் காடு இல்லை. வெள்ளை. வானம் எங்கே, தரை எங்கே என்று தெரியாத வெள்ளை, மேலே ஏறிக்கொண்டே போனது. படியிலிருந்து தொடங்கி அந்தச் சரிவு முழுக்க அவர்கள் வரிசையாக நின்றார்கள். பழுப்புக் கம்பளி. கருத்து விறைத்த விரல்கள். ஒருவர் கைக்கு ஒருவர், கல் சுமந்து கைமாற்றுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், எதையோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னதாக. துணி சுற்றாமல். அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

ஓடினான். முழங்கால் வரை புதைந்தது. "டேய்! குடுங்கடா! எம் புள்ளடா!"

ஒவ்வொருவனும் பிள்ளையைக் கையில் வாங்கியதும் உதயராஜ் பக்கம் திரும்பினான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி வழித்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, குனிந்து, தொரைக்கு சலாம் போட்டான். பிறகு பிள்ளையை அடுத்தவனிடம் கொடுத்தான்.

அடுத்தவனும் வாங்கினான். திரும்பினான். சலாம் போட்டான்.

வரிசைக்கு முடிவு தெரியவில்லை. அழுகை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. சின்னதாகிக்கொண்டே போனது. நிற்கவில்லை.